கடாரங் கொண்ட கதை

எங்கள் தோட்டத்து வாசகசாலையில் மாதந்தோறும் நடைபெறும் இலக்கியக் கூட்டத்திற்குச் சென்ற முறை எடுத்துக்கொண்ட பொருள், முதலாம் இராசேந்திர சோழனின் கடாரப் படையெடுப்பு. பேசியவர்கள் நால்வர், நால்வரும் நன்றாகவே பேசினார்கள். கடாரம் என்பது நாம் குடியிருக்கும் இந்தக் கெடாவே என்று சொல்லப்பட்டபோது கொட்டகை அதிரக் கைதட்டல் எழுந்தது. யானும் தட்டினேன், மறைப்பானேன்? கூட்டம் கலைந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த வேளையில், தமிழ்ப் பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படிக்கும் பையன் ஒருவன் அருகில் வந்து, “கிராணி ஐயா, கடாரத்தைக் கொண்டான் என்றால், எங்கே கொண்டு போனான்?” என்று வினவினான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். யானும் ஏதோ சொல்லி அவனை அனுப்பிவிட்டேன். வீட்டிற்கு வந்து படுத்த பிறகுதான், அன்று அக்கொட்டகையில் பேசப்பட்டவை அனைத்தினும் பொருளுள்ள பேச்சு அவ்வினா ஒன்றே என்று பட்டது.

கொள்ளுதல் என்னும் வினைச்சொல் நம் மொழியில் பெருவயிறு உடையது. நிலத்தை வென்று தன் ஆட்சியில் வைத்தலும் கொள்ளுதலே. சந்தையில் விலை கொடுத்து வாங்குதலும் கொள்ளுதலே. பிறன் வீடு புகுந்து வாரிச் செல்லும் கொள்ளையும் அச்சொல்லின் வயிற்றுப் பிள்ளையே. சோழ மன்னர் தம் பட்டப் பெயர்களில் இச்சொல்லை மிக விரும்பிச் சூடினர். முதற் பராந்தகன் மதுரையும் ஈழமும் கொண்டவன். இரண்டாம் ஆதித்தன் வீரபாண்டியன் தலை கொண்டவன். இராசேந்திரன் கங்கை கொண்டவன், கடாரமும் கொண்டவன். ஊரையும் கொள்ளலாம், தலையையும் கொள்ளலாம், ஆற்றையும் கொள்ளலாம் என்றால், கொண்டது யாது என்று ஒவ்வோரிடத்தும் நின்று கேட்டாலன்றிப் பொருள் விளங்காது. கங்கைக் கரையில் சோழன் ஒரு காணி நிலமும் வைத்திருந்தானில்லை. அவன் படை கொண்டுவந்தது கங்கை நீர். அந்நீர் புதிய தலைநகரத்து ஏரியில் சேர்க்கப்பட்டது. திருவாலங்காட்டுச் செப்பேடு அவ்வேரியையே ஒரு வெற்றித் தூணாக வருணிக்கிறது. ஆகவே கங்கை கொண்டான் என்பது நீர் கொண்டான் என்றே பொருள்படும். அது பொய்யன்று, ஆனால் நிலப் பட்டாவும் அன்று.

யான் ஆங்கிலப் பள்ளியில் படித்தவன். மெய்க்கீர்த்தி என்னும் சொல்லையே இருபது வயதிற்கு மேல்தான் கேள்வியுற்றேன். எங்கள் தோட்டத்தில் பலருக்கும் கடாரம் அறிமுகமானது கல்வெட்டால் அன்று, சாண்டில்யனின் ‘கடல் புறா’வால். அப்புதினத்தில் சரித்திரம் எத்தனை வீதம் என்று கணக்கெடுப்பது வீண் வேலை. அதில் கடலாவது இருக்கிறது. உண்மையான மெய்க்கீர்த்தியைத் தேடிப் படித்தபோது எனக்கு முதலில் உண்டான உணர்ச்சி ஏமாற்றமே என்பதை ஒப்புக்கொள்கிறேன். பல மரக்கலங்களைக் கடலில் செலுத்தினான் என்பதைச் சொல்ல ஒரு தொடர். அவ்வளவில் கடல் முடிந்தது. எத்தனை கலம், எத்துறையிலிருந்து, எக்காற்றில், எத்தனை நாள், எத்தனை பேர் மாண்டனர், யார் படைத்தலைவன், எதன்பொருட்டுப் போர் என்பவற்றுள் ஒன்றேனும் இல்லை. சீன வாணிகத்தின் நடுவில் அமர்ந்து நீரிணையைக் காத்து நின்ற ஸ்ரீவிசயத்தோடு ஏற்பட்ட போட்டியே காரணமாகலாம் என்று சரித்திர ஆசிரியர் பலர் கருதுகின்றனர். அஃது அவர்கள் கருத்து. கல்வெட்டு காரணத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை.

பின் அதில் இருப்பது என்ன? ஒரு பட்டியல். படையெடுப்பு 1025-ஐ ஒட்டி நிகழ்ந்தது. சில ஆண்டுகட்குப் பின் தஞ்சைப் பெரிய கோயிலின் சுவரில் வெட்டப்பட்டது. கடாரத்து அரசன் சங்கிராம விசயோத்துங்கவர்மன் தன் யானைகளோடு பிடிபட்டது, அவன் குவித்து வைத்த பெரும் பொருள், அவன் நகர்வாயிலில் நின்ற வித்தியாதரத் தோரணம், மணிகள் பதித்த வாயில்கள் ஆகியவை முதலில் வருகின்றன. அடுத்து ஊர்களும் நாடுகளும்: ஸ்ரீவிசயம், பண்ணை, மலையூர், மாயிருடிங்கம், இலங்காசோகம், மாப்பப்பாளம், மேவிளிம்பங்கம், வளைப்பந்தூறு, தலைத்தக்கோலம், மாதமாலிங்கம், இலாமுரிதேசம், மாநக்கவாரம், இறுதியில் கடாரம். ஆகப் பதின்மூன்று. ஒவ்வொன்றிற்கும் ஓர் அடைமொழி. ஒன்றிற்குக் கடல் அகழி, ஒன்றிற்கு மதில், ஒன்றிற்குத் தேன் சொரியும் சோலை, ஒன்றிற்குப் போரில் கலங்காத உறுதி. பகைவன் ஊரை உயர்த்திச் சொன்னால் வென்றவன் இன்னும் உயர்வான் என்பது புலவன் கணக்கு. செய்யுள் என்ற அளவில் இப்பட்டியல் சோடையன்று. பெயர்களின் ஓசையே அலை மேல் அலையாக வந்து மோதும். வாய்விட்டுப் படிப்பவர் இதனை உணர்வர். ஆயினும் இருபது ஆண்டுகளாக அல்லவெனினும் பன்னிரண்டு ஆண்டுகளாகத் தோட்டக் கணக்கு எழுதுகின்ற என் கண்ணுக்கு, இது சரக்கு வந்து இறங்கியதற்குரிய சீட்டாகவே தோன்றுகிறது. நிலம் கைக்கு வந்ததற்குரிய பத்திரத்தின் அடையாளம் ஒன்றும் இதில் இல்லை.

அந்த அடையாளம் எப்படியிருக்கும் என்பதற்குத் தொலைவு போக வேண்டுவதில்லை. அதே சோழர் வேறோரிடத்தில் அதனை விட்டுச் சென்றுள்ளனர். ஈழத்தின் மீது இராசராசன் படை 993-ஐ ஒட்டிச் சென்றது; 1017-இல் இராசேந்திரன் படை ஐந்தாம் மகிந்தனைச் சிறைசெய்தது; சோழ நாட்டிலேயே அவன் இறந்தான். அங்கே நடந்தது உண்மையாகவே நிலங்கோடல். நாட்டிற்கு மும்முடிச் சோழ மண்டலம் என்று பெயர் மாற்றப்பட்டது. பொலன்னறுவை சனநாதமங்கலம் ஆயிற்று. சிவன் கோயில்கள் எழுந்தன. எல்லாவற்றிற்கும் மேலாக, ஈழத்து ஊர்கள் சில தஞ்சைப் பெரிய கோயிலுக்கு நெல்லும் காசும் அளக்க வேண்டுமென்று கணக்கில் ஏறின. இதுவே என் போன்ற கிராணிக்குப் புரியும் சான்று. நிலத்தைக் கொண்டவன் அதன் விளைவை அளந்து எழுதியே தீருவான். கடாரத்திலிருந்து தஞ்சைக்கு ஒரு மரக்கால் நெல் வரவு வைத்த கல்வெட்டு இல்லை. கெடாவில் சோழ அதிகாரி எவனும் நில அளவை செய்ததாக ஓர் எழுத்தும் வெளிப்பட்டதில்லை. சுமத்திராவின் பாரூசில் 1088-ஆம் ஆண்டுக்குரிய தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. அதுவும் அரசனுடையதன்று, ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினருடையது.

ஈழத்தைப் பற்றி இன்னொரு சொல். நம் கல்வெட்டில் வெற்றியாக நிற்பது, சூளவம்சம் என்னும் பாலி நூலில் விகாரைகளை உடைத்துப் பொருளை வாரிய கொள்ளையாக நிற்கிறது. முதலாம் விசயபாகு 1070-இல் சோழரை அத்தீவிலிருந்து அகற்றினான். ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டு நெல்லளந்த நிலமும் நிலைக்கவில்லை.

நிற்க. கடாரத்திற்கு முன்னும் பின்னும் நடந்தவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால், ‘கொண்ட’ என்னும் சொல் இன்னும் மெலிகிறது. படையெடுப்பிற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகட்கு முன், கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் தன் தந்தை பெயரால் சூளாமணி விகாரம் என்னும் பௌத்தப் பள்ளியை எடுப்பித்தான். அதற்கு 1006-இல் இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரைக் கொடுத்தான். தந்தை கொடுத்த அக்கொடையைச் செப்பேட்டில் நிலைநிறுத்தியவன் வேறு யாருமல்லன், பின்னாளில் கடாரத்தின் மீது கலம் செலுத்திய அதே இராசேந்திரன். 1025-இல் படை வந்தது. மூன்றாண்டு கழித்து 1028-இல் ஸ்ரீவிசயத்திலிருந்து தூதுக்குழு ஒன்று சீனப் பேரரசனிடம் சென்றதாகச் சீனக் குறிப்பு கூறும். கொள்ளப்பட்ட நாட்டில் தூதனுப்பும் அரசன் ஒருவன் இருந்தான் என்று ஏற்படுகிறது. 1068-ஐ ஒட்டி வீரராசேந்திரன், தன் அடி பணிந்து உதவி கேட்ட அரசனுக்காகக் கடாரத்தை வென்று அவனுக்கே திருப்பிக் கொடுத்ததாகக் கல்லில் வெட்டினான். 1090-இல் கடாரத்துத் தூதர் வந்து கேட்க, முதற் குலோத்துங்கன் நாகப்பட்டினத்துப் பௌத்தப் பள்ளிக்குரிய ஊர்களின் வரிக்கொடையை உறுதி செய்தான். அச்செப்பேடுகள் இன்று லெய்டன் செப்பேடுகள் என்று ஒல்லாந்து நகரத்தின் பெயரால் வழங்குகின்றன. கொடுத்தது, அடித்தது, கொடுத்தது. அண்டை வீட்டார் இருவரின் வழக்கைப் போலிருக்கிறதே தவிர, ஒரு நாடு மற்றொரு நாட்டை விழுங்கிய சரித்திரம் போல் இல்லை.

இம்மெய்க்கீர்த்தி நடை வளர்ந்து பெருங்காவியமானால் எப்படியிருக்கும் என்பதற்குக் கலிங்கத்துப்பரணி சான்று. செயங்கொண்டாரின் திறமையை மறுப்பவன் தமிழ் அறியான். ஆனால் அந்நூலில் போருக்குக் கூறப்படும் காரணம் யாது? வடகலிங்கத்து அரசன் இருமுறை திறை கொண்டுவரவில்லை. ஆண்டு 1110-ஐ ஒட்டிக் கருணாகரத் தொண்டைமான் படையோடு சென்றான். பேய்கள் பிணக்களத்தில் கூழ் அட்டு உண்டன. தப்பிய கலிங்கர், தலைமயிரைப் பறித்துச் சமணத் துறவிகள் போலவும், வில்லின் நாணைப் பூணூலாக்கி அந்தணர் போலவும் வேடம் பூண்டு உயிர் பிழைத்ததைப் புலவர் நகைச்சுவையாகப் பாடுகிறார். முதன்முறை படித்தபோது யானும் நகைத்தேன். 1941-இன் இறுதியில் சப்பானியர் வந்தபோது ஒளிந்தும் உருமாறியும் பிழைத்த கதைகளை எங்கள் தோட்டத்து முதியவர்கள் தம் பெற்றோர் வாயிலாகக் கேட்டிருக்கிறார்கள். அவற்றைக் கேட்ட பிறகு அப்பாடல்களை நகைப்போடு படிக்க என்னால் முடியவில்லை. முடிவாகச் சோழன் பெற்றது யானையும் குதிரையும் பொருளும். கலிங்க நாடு? அதன் அரசன் அனந்தவர்மன் சோடகங்கன் அதன் பின்னும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அரசாண்டு, தன் எல்லையைக் கங்கை வரை நீட்டி, பூரியில் சகந்நாதர் பெருங்கோயிலையும் தொடங்கினான். பரணியை மட்டும் படித்தவர் அவன் அன்றே அழிந்தான் என்று எண்ணிக்கொண்டிருப்பர்.

பழைய தமிழ் இலக்கணம் இவ்வளவு கண்மூடியாக இருக்கவில்லை. தொல்காப்பியப் புறத்திணையியல், ஒருவன் நாட்டின் மீது மற்றொருவன் படையெடுத்துச் செல்லும் வஞ்சித் திணைக்கு மூலமாக மண்ணாசையை வெளிப்படையாகவே கூறுகிறது; அறம் காக்கச் சென்றான், நாகரிகம் பரப்பச் சென்றான் என்று பிற்காலத்தார் கட்டிய கதைகளுக்கு அங்கே இடமில்லை. அதே திணையில் கொற்றவள்ளை என்றொரு துறை உண்டு. அது வென்றவன் புகழைப் பாடும்போதே, அழிந்த பகைவர் நாட்டிற்கு இரங்குவது. வெற்றியைப் பாட வந்தவன் எரிந்த வயலையும் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று இலக்கணமே இடம் வகுத்திருந்தது. மெய்க்கீர்த்தி எழுதிய அவைக்களப் புலவர் இத்துறையைத் தொடவில்லை. மெய்க்கீர்த்தியின் குறைகளுள் யான் முதன்மையாகக் கருதுவது இதுவே. நீளக் குறைவையும் விவரக் குறைவையும் மன்னிக்கலாம்.

இங்கே புறநானூற்றிலிருந்து ஒரு பாடலை நினைவூட்ட விரும்புகிறேன். மூவேந்தரும் முற்றுகையிட்டுப் பாரியின் பறம்பு மலையைக் கைப்பற்றிய பின், அவன் மகளிர் பாடியதாக வரும் ஐந்தடிப் பாடல் அது. அன்பர்கள் பலர் மனப்பாடமாக அறிவர். அதில் ஊர்களின் பட்டியல் இல்லை, யானை இல்லை, தோரணம் இல்லை. இரண்டு நிலவுகளும் ஒரு மலையும் ஒரு தந்தையுமே இருக்கின்றனர். யான் சுட்ட விரும்புவது அதிலுள்ள வினைச்சொல்லை. பகைவேந்தர் தம் மலைக்குச் செய்ததைக் கூற, அப்பெண்கள் ஆளும் சொல்லும் ‘கொள்’ என்னும் அதே சொல்லே. சோழன் தன் பட்டத்தில் மணிமுடியாகச் சூடியதை இவர்கள் தம் இழப்பிற்குப் பெயராக வைத்தனர். ஒரு சொல்லை இரு கரையிலும் நின்று கேட்ட மொழி நம்முடையது. நாமோ ஒரு கரையில் மட்டும் நின்று கைதட்டுகிறோம்.

கடாரத்துக் கரையில் நின்றவர்கள் என்ன சொன்னார்கள்? அக்காலத்து எழுத்து ஒன்றும் நமக்கு எஞ்சவில்லை. நெடுங்காலத்திற்குப் பின், பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருப்பெற்ற செஜாரா மெலாயு என்னும் மலாய் நூலில், கலிங்க நாட்டிலிருந்து பெரும்படையோடு வரும் அரசன் ஒருவன் கதை உள்ளது. ஏட்டுக்கு ஏடு அவன் பெயர் சூலான் என்றும் சூரான் என்றும் மாறும். சோழர் படையெடுப்பின் மங்கிய நினைவு இஃது என்று ஆராய்ச்சியாளர் சிலர் கருதுவர். அவன் கங்கா நகரத்தை அழிக்கிறான். பிறகு சீனத்தையும் வெல்லக் கருதித் தெமாசிக் வரை வந்துவிடுகிறான். சீனப் பேரரசன் படை அனுப்பவில்லை. துருப்பிடித்த ஊசிகளையும், காய்த்த மரங்களையும், பல் விழுந்த கிழவர்களையும் ஒரு கப்பலில் ஏற்றி அனுப்புகிறான். சீனம் எவ்வளவு தொலைவு என்று கேட்கும்போது அக்கிழவர்கள், தாம் சிறுவராகப் புறப்பட்டதாகவும், இம்மரங்களை விதையாக நட்டதாகவும், ஊசிகள் அப்போது கை பருமனுள்ள இரும்புக் கம்பிகளாக இருந்தனவென்றும் சொல்கிறார்கள். கேட்ட அரசன் நமக்கு எட்டாது என்று திரும்பிவிடுகிறான். படையெடுப்பைப் பற்றி இவ்வளவு நயமான பரிகாசத்தை யான் வேறெங்கும் படித்ததில்லை. அத்தோடு நில்லாமல் அவ்வரசன் கண்ணாடிப் பேழையில் கடலடிக்கு இறங்கி, அங்கே ஓர் அரசகுமாரியை மணக்கிறான். மலாக்காவின் அரச மரபு அவ்வழியில் வந்ததென்று நூல் சொல்லுகிறது. அடிக்க வந்தவனைப் பாட்டனாக்கிக்கொண்ட இச்சாமர்த்தியத்தை என்னென்பது! மெய்க்கீர்த்தியில் இல்லாத நகைப்பும் மனித முகமும் இக்கட்டுக்கதையில் இருக்கின்றன.

யான் பள்ளியில் படித்த ஆங்கிலச் சரித்திர நூல்களின் நடை வேறு வகை. நம் புலவர் ‘கொண்டான்’ என்று முழங்குவார். அவர்கள் ‘பெறப்பட்டது’ என்று தணிந்த குரலில் எழுதுவார்கள். பெற்றவன் யார், இழந்தவன் யார் என்பது செயப்பாட்டு வினையில் மறைந்துவிடும். 1786-இல் பினாங்கு பெறப்பட்டதாம். சயாமுக்கு எதிராகப் பாதுகாப்புக் கிடைக்கும் என்று நம்பி இடங்கொடுத்த கெடா சுல்தானுக்கு அப்பாதுகாப்பு வந்து சேரவேயில்லை. 1791-இல் தீவை மீட்க அவர் திரட்டிய படையைக் கும்பினியார் முந்திச் சென்று தாக்கி முறித்தார்கள். ஆண்டுக்கு ஆறாயிரம் வெள்ளி என்று உடன்படிக்கை எழுதப்பட்டது. 1800-இல் எதிர்க்கரையும் சேர்க்கப்பட்டுத் தொகை பத்தாயிரமாயிற்று. 1821-இல் சயாமியப் படை கெடாவின் மேல் பாய்ந்தது. அப்படை எழுந்த லிகோர், மெய்க்கீர்த்தி மாதமாலிங்கம் என்று கூறும் அதே பகுதி என்பது ஒரு விந்தை. சுல்தான் பினாங்கிற்கு ஓடினார். குடிகள் ஆயிரக்கணக்கில் வெல்லெஸ்லி மாநிலத்திற்கு ஓடினர். 1831-இலும் 1838-இலும் மீட்க முயன்று தோற்று, 1842-இல்தான் சுல்தான் நாடு திரும்ப முடிந்தது. 1909-இல் சயாமிடமிருந்து ஆங்கிலேயருக்கும், 1943-இல் சப்பானியரால் மறுபடி சயாமுக்கும் கைமாறி, 1945-க்குப் பின் மீண்டது. இத்தனை முறை ‘கொள்ளப்பட்ட’ மண்ணின் மேல் நின்றுகொண்டுதான் நாம் இராசேந்திரனுக்குக் கைதட்டினோம். அன்று கொட்டகைக்கு வெளியே ஒலிபெருக்கியைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தவர் கம்பத்து மலாய் நண்பர். அவருக்குத் தமிழ் ஓரளவு விளங்கும்.

இவ்வாறெல்லாம் சொன்னால், தமிழர் பெருமையைக் குறைக்கிறான் கிராணி என்பார்கள். முன்னமே ஒருவர் சொல்லிவிட்டார். அவர் என் மதிப்பிற்குரிய மூத்தவர். அன்றைய கூட்டத்தில் மிக உருக்கமாகப் பேசியவரும் அவரே. பதினோராம் நூற்றாண்டில் வங்கக் கடலைக் குறுக்கே கடந்து பெரும் படையைக் கரை சேர்த்த கலஞ்செய் தொழிலையும், திசைக்காற்றை அறிந்த மீகாமரையும் நினைத்து யானும் வியக்கிறேன். மெய்க்கீர்த்தி அவர்களில் ஒருவனுக்கும் பெயர் தரவில்லை என்பதே என் குறை. ஆனால் கடாரம் நமக்கு உரிமையாயிற்று என்ற வாதம் வேறு. பெரியவர் முப்பத்தேழு ஆண்டு பால்மரம் வெட்டியவர். தோட்டத்தின் அப்பகுதி வீடமைப்புக்காக விற்கப்பட்டுவிட்டது. அவர் பிறந்து வளர்ந்து பிள்ளை பெற்ற லயத்து வீட்டை ஆறு மாதத்திற்குள் ஒழித்துக் கொடுக்க வேண்டுமென்று அறிவிப்பு வந்திருக்கிறது. அறிவிப்பைத் தமிழில் படித்துச் சொன்னவன் யான். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு நாட்டையே கொண்டோம் என்று மேடையில் முழங்கியவர் கையில், தம் திண்ணைக்குரிய ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. அந்த முழக்கம் அவருக்கு ஏன் வேண்டியிருக்கிறது என்பது எனக்குப் புரிகிறது. அதனால் மெய்க்கீர்த்தியின் பொருள் மாறிவிடாது.

அடுத்த மாதக் கூட்டத்தில் அவ்வைந்தடிப் புறப்பாடலைப் பெரியவரையே படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்; இசைந்திருக்கிறார். பையனை இடையில் ஒரு நாள் கடைத்தெருவில் கண்டேன். அவன் வினாவுக்குக் கடன்பட்டவனாதலால், நாட்டை எங்கும் கொண்டு போகவில்லை, பொருளையும் யானைகளையும் அரசனையும் பிடித்ததாகக் கல்லில் இருக்கிறது என்று விளக்கினேன். நாகப்பட்டினத்துப் பள்ளியைப் பற்றியும் கூறினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அந்த ராஜா வீட்டுக்குத் திரும்பிப் போனாரா ஐயா?” என்றான். மெய்க்கீர்த்தியில் அதற்கு ஒரு சீரும் ஒதுக்கப்படவில்லை.